கூண்டுத் துணி

முள்ளிச்செவலில் ஒரு பங்குனி மாதத்தில் சங்கரகோமதியின் நெஞ்சுக்குள்ளிருந்து காடை முழங்கத் தொடங்கியபோது, முதலில் ஊராரிடம் திட்டு வாங்கியது மாவுமில்காரன் செந்தூர்பாண்டிதான். தூரத்தில் யாரோ புல்லட் வண்டியை அணைக்காமல் விட்டுவிட்டுப் பல் விளக்கப் போய்விட்ட மாதிரி, டுர்ர்ர்ர் என்று ஏறிக்கொண்டே போய் உச்சியில் சட்டென்று நின்று மறுபடியும் அடியிலிருந்து ஏறுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள், மோட்டாரை ஓடவிட்டுவிட்டு இந்தப் பயல் அக்காள் பிள்ளைகளுக்குச் சடை பின்னப் போய்விட்டான் என்று வைதுகொண்டே மில்லுக்கு வந்தார்கள். அவனும், மிளகாய் நெடியில் சிவந்த கண்ணும் கம்பு மாவு படிந்த புருவமுமாக, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மெயினை இறக்கிக் காட்டினான். பெல்ட் நின்றது, சல்லடை நின்றது, மாவு பறப்பது நின்றது. சத்தம் நிற்கவில்லை.

லைன்மேன் வந்து கம்பத்தில் காதை வைத்துப் பார்த்தான். டவுன்பஸ் டிரைவர் இறங்கித் தன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, 'என் வண்டி இல்லப்பா, அது இதைவிடக் கேவலமால்லா கத்தும்' என்று ஏறிக்கொண்டார். கடைசியில் பால் சொசைட்டியில்தான் விஷயம் வெளியானது. சங்கரகோமதி அங்கே பால் அளக்கிறவள். காலையில் அவள் கேன் பக்கம் குனிந்தபோது கேனுக்குள் பால் வளையம் வளையமாக அலையெழும்பி, லாக்டோமீட்டர் கூத்தாடி, வரிசையில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பில் கொட்டைப்பாக்களவு வெண்ணெய் திரண்டு நின்றது.

'ஏட்டி, உன்கிட்ட இருந்துல்லா வருது' என்றாள் ஒருத்தி.

'ஆமக்கா, நேத்துலருந்து' என்றாள் கோமதி, காலில் கொப்புளம் வந்ததைச் சொல்கிற மாதிரி.

அவ்வளவுதான். அதற்குமேல் ஏன் என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கிராம நர்ஸ் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, வலித்த காதைக் குடைந்துகொண்டு, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, சத்து மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சொசைட்டி வாசலில் வந்து நின்றால் அது உறங்கியது. தயிர்ச் சட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசி முடித்தால் மத்தே தொடாமல் மோர் கடைந்திருந்தது. டிவியில் நாடகம் பார்க்கிறவர்கள் மட்டும், 'கோமதி தெருவுல போறா, சவுண்டைக் கூட்டு' என்று ரிமோட்டைத் தேடினார்கள். சத்தம் எங்கே தணிகிறது, எங்கே ஏறுகிறது என்பதையும் பெண்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். சொசைட்டியில் பெட்ரோமாக்ஸ் விளக்கு மாதிரி சன்னமாக இரைவது, பிள்ளையார் கோயில் முக்குத் திரும்பியதும் தடித்து, மாவுமில் வாசலைக் கடக்கையில் மில்லின் தகரக் கூரை முழுக்க அதிர்ந்து மாவு கொட்டுகிற அளவுக்கு ஏறியது. திரிக்க ஒரு படி கம்புகூட இல்லாத நாளிலும் கோமதி அந்த வழியாகவேதான் போனாள். உள்ளே செந்தூர்பாண்டி தலையில் கொட்டிய மாவைத் தட்டாமல் நின்றுகொண்டிருந்தான்.

ஊரில் உள்ள ஆண்கள் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று தெரியும். எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவளைப் பெற்ற அய்யலுச்சாமி.

அது தாடிக் காடையின் சத்தம். புஞ்சைக் காட்டில் உளுந்துச் செடிகளுக்கு அடியில் ஓடித் திரிகிற, பின்விரல் இல்லாத, உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தப் பறவையில் இரண்டு தினுசு உண்டு. கழுத்தும் நெஞ்சும் கருத்து, தாடி விட்ட மாதிரி நிமிர்ந்து நின்று, வரப்பில் ஏறி முழங்கி, இன்னொரு தாடியைக் கண்டால் செத்தாலும் விடமாட்டேன் என்று பாய்வது ஒன்று. வெளிறிப்போய், வாய் திறக்காமல், முட்டையின்மேல் குந்தியிருந்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஒளிந்து ஒளிந்து மேய்வது மற்றது. இதில் எது ஆண், எது பொட்டை என்று முள்ளிச்செவல் ஆண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தாடிக்காரனைப் பிடித்துப் பேர் வைத்து வளர்த்தார்கள். அடையில் கிடந்த வெளிறியதைப் பிடித்து மிளகு போட்டு வறுத்தார்கள்.

பங்குனிப் பொங்கலன்று கூண்டோடு எடை பார்த்து ஜோடி சேர்த்து, களத்தில் காடைகளைச் சண்டைக்கு விடுவார்கள். ஜெயித்த காடைக்காரனுக்குக் கோயில் பரிவட்டம், சாமிக்கு முன்னால் நடக்கிற உரிமை, அடுத்த பங்குனி வரைக்கும் ஊர்க்கூட்டத்தில் முதல் பேச்சு. அதனால் பொங்கலுக்கு முந்திய விரத நாட்களில் காடைமேல் பெண் நிழல் படக்கூடாது, பட்டால் அதன் ஆண்மை வடிந்துவிடும் என்று கூண்டைக் கருப்புத் துணியால் மூடி, பெண்கள் தண்ணீர் பிடிக்கிற தெருவைக் கடக்கும்போது கூண்டுக்குக் குடையும் பிடித்துக்கொண்டு, தாங்கள் வெயிலில் காய்ந்துகொண்டு போவார்கள். அய்யலுச்சாமியின் காடைக்கு ஜமீன் என்று பேர். தொடர்ந்து பரிவட்டம் வாங்கிக்கொண்டிருந்தது. அதன் தொண்டையிலிருந்து கிளம்புகிற டுர்ர்ர்ரைக் கேட்டால் அவருக்குத் தன் மீசையே கொஞ்சம் வளர்ந்த மாதிரி இருக்கும். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டுதான் வெளியூர் போவார். கோமதி கைப்பிள்ளையாக இருந்த காலத்தில் அவர் அவளைத் தூக்கியதில்லை; அப்போதும் சட்டைக்குள் ஒரு காடை இருந்தது, பிள்ளை உதைத்துவிட்டால் என்ன செய்வது?

இப்போது அதே சத்தம் தன் மகள் நெஞ்சிலிருந்து தெருவெங்கும் கேட்டதும், வரப்பில் ஏறி நிற்கிற காடை மாதிரி அது யாரைக் கூப்பிடுகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டதும், வேட்டி அவிழ்ந்து நடுத்தெருவில் நிற்கிற மாதிரி கூசியது. டீக்கடைக்குப் போவதை விட்டார். முடிவெட்டப் போவதை விட்டார். மத்தியானச் சாப்பாட்டில் மகள் எதிரே உட்கார்ந்தபோது தட்டு நடுங்கி ரசம் அலையடித்தது.

'அதை நிப்பாட்டு' என்றார்.

'எப்படிப்பா நிப்பாட்ட? விக்கலா, தண்ணி குடிக்க?'

'மாவுமில் பக்கம் போகாதே.'

'போகலன்னா நெஞ்சு வலிக்குது. எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா.'

'பொம்பளப்பிள்ள வாயால சொல்லுத பேச்சாட்டி இது?'

'வாயால நான் எங்க சொன்னேன்?'

அடுப்படியிலிருந்து அவர் மனைவி பேச்சியம்மாள் சிரிப்பது கேட்டது. 'அவளைச் சொல்ல வந்துட்டாரு. கல்யாணத்துக்கு முந்தி உங்க வீட்டுக்குத் தினமும் ஒருத்தி மோர் வாங்க வருவாளே, ஞாபகம் இருக்கா? எங்க வீட்டுத் தொழுவுல அப்ப ரெண்டு எருமை கறந்துக்கிட்டு நின்னுச்சு.'

அய்யலுச்சாமிக்குக் கவளம் கையிலேயே நின்றது. மோர் வாங்க வந்த பெண்ணைத் தானாகப் பார்த்து, தானாகப் பிடித்து, தகப்பனாரிடம் ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டதை அவர் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பல பேரும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தார்களா, இல்லை, அவர்களுக்கும் தெரியுமா?

மறுநாள் ஊர்ப் பெரியவர் பலவேசம் வந்தார். உட்காரவில்லை.

'மாப்ளே, ஆம்பளைக் காடையோட சத்தம் உம் மக நெஞ்சுக்குள்ள போயிருக்கு. எங்கயோ நிழல் பட்டிருக்கு.'

'ஜமீன் நல்லாத்தான் கத்துது மாமா.'

'எங்க காடையெல்லாம் உம் மக சத்தத்தைக் கேட்டு மிரளுதுடே. கூண்டுல முட்டி மண்டையை உடைச்சுக்கிடுது. பொங்கல் அன்னைக்கும் இது கேட்டுச்சுன்னா நீ களத்துக்குள்ள கால் வைக்க வேண்டாம். அந்த மில்லு இருக்கது கோயில் இடம். சடை பின்னுத பயலை ஊரைவிட்டுக் கிளப்பிருவோம். பிறகு உம் மக கத்திக்கிட்டே கிடக்கட்டும், கேக்க ஆள் இருக்காது.'

காடையை எப்படி அடக்குவது என்று அய்யலுச்சாமிக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அவர் ஜமீனின் கூண்டைச் சுற்றியிருந்த கருப்புத் துணியை அவிழ்த்தார். எச்சம் காய்ந்த வெள்ளைத் திட்டும் தினை உமியும் ஒட்டியிருந்த அந்தத் துணியை மகளிடம் நீட்டினார்.

'இதைப் போத்திக்கோ. பொங்கல் முடியட்டும்.'

'எனக்கா?' என்றாள் கோமதி.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். காலில் செருப்பு வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது. அவள் துணியை வாங்கித் தலையோடு போர்த்தி நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து முடிந்துகொண்டாள். சத்தம், மலைப்பக்கம் போகிற ஜீப் மாதிரி, சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் இல்லாமல் போனது. வீட்டில் பல்லி நகர்வது கேட்டது.

கோமதி அப்படியேதான் சொசைட்டிக்குப் போனாள். பால் அசையாமல் கிடந்தது. ஊரில் இருக்கிற தொட்டில் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக அழத் தொடங்கின. தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அய்யலுச்சாமி வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேச்சியம்மாள் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பொங்கல் மாவுக்கு ஊரே பச்சரிசியைச் சுமந்துகொண்டு நிற்க, மாவுமில் கதவு சாத்திக் கிடந்தது.

பொங்கலன்று, துணியில்லாத கூண்டைக் குடையால் மறைத்துக்கொண்டு அய்யலுச்சாமி களத்துக்குப் போனார்.

'துணி எங்கடே?' என்றார் பலவேசம்.

'துவைக்கப் போட்டிருக்கு.'

களத்தைச் சுற்றி ஆண்கள் குந்தியிருந்தார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் கருப்புத் துணி மூடிய கூண்டு. பெண்கள் தூரத்து வீடுகளின் மொட்டைமாடிகளில் நின்று பார்த்தார்கள். நடுக்களத்தில் அய்யலுச்சாமி கூண்டின் படலைத் தூக்கினார். ஜமீன் வெளியே வரவில்லை. வெயில் நேராக மேலே விழ, இறகைச் சிலிர்த்து உப்பி, கண்ணைப் பாதி மூடி, யாரையோ நினைத்துக்கொண்டது போல் கொஞ்ச நேரம் குந்தியிருந்தது. பிறகு எழுந்து ஓரமாக நகர்ந்தது. அது குந்தியிருந்த இடத்தில், தேயிலைத் தூள் தெளித்த மாதிரி, ஒரு சின்ன முட்டை கிடந்தது. ஜமீன் தாடியை உப்பிக்கொண்டு, பரிவட்டம் வாங்கிய அதே தொண்டையால், டுர்ர்ர்ர் என்று முழங்கியது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அய்யலுச்சாமி தாங்கியிருப்பார். அத்தனை ஆண்களும் குனிந்து தங்கள் கால் பெருவிரலைப் பார்த்தார்கள், பிறகு ஓரக்கண்ணால் தங்கள் கூண்டைப் பார்த்தார்கள், துணியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. போன வருஷம் விரத நாளில் விடிகிற நேரம் துணிக்கு அடியில் கைவிட்டபோது அகப்பட்டதை, ஓணான் முட்டை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வைக்கோல் படப்புக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்து, ஊரில் தனக்கு மட்டும்தான் இந்தக் கேவலம் என்று அவர் வருஷம் முழுவதும் விறைப்பாக நடந்திருக்கிறார். இங்கே குந்தியிருக்கிற ஒவ்வொருவனும் ஏதோ ஒரு படப்புக்குப் பின்னால் எதையோ புதைத்தவன்தான்.

'கல்லு' என்றார் பலவேசம். தொண்டையைச் செருமிக்கொண்டு, 'எடை கூட்டக் கூண்டுக்குள்ள கல்லைப் போட்டுக் கொண்டாந்திருக்கான். எடுத்து வெளிய எறிடே' என்றார். குரலில் அதிகாரம் இருந்தது. கண்ணில் கெஞ்சல்தான் இருந்தது.

பக்கத்தில் இருந்த ஒருவன் முணுமுணுத்தான்: 'ஆமான்னு சொல்லிரு அண்ணாச்சி. ஒரு வருசம் தள்ளி வைப்போம், அவ்வளவுதான்.'

அய்யலுச்சாமி முட்டையைக் கையில் எடுத்தார். கல் என்று சொல்லிவிடலாம். ஏமாற்றுக்காரன் என்று ஒரு வருஷம் பேர். ஊரின் மீசை ஊரிடமே இருக்கும். கோமதி துணிக்குள் இருப்பாள். இத்தனை காலம் தன் நெஞ்சில் வைத்துத் தூக்கிச் சுமந்து, நாலு ஊருக்குக் காட்டிப் பெருமைப்பட்டது எந்தச் சத்தமோ அந்தச் சத்தத்துக்காகத்தான் மகளை எச்சம் ஒட்டிய துணியால் மூடிவிட்டு வந்திருக்கிறோம் என்பது, முட்டையின் சூடு உள்ளங்கையில் ஏறுகிற வேகத்தில், மெதுவாக அவருக்குள் ஏறியது.

'சுடுது மாமா' என்றார். 'கல்லு இப்படிச் சுடாது. முட்டைதான். எம் பொட்டை போட்டது. போன வருசமும் போட்டுச்சு, புதைச்சிட்டேன்.'

மொட்டைமாடியிலிருந்து பலவேசத்தின் மனைவி குரல் கொடுத்தாள். 'எங்க வீட்டுல புதைக்கதெல்லாம் கிடையாது. வெங்காயம் போட்டு ஆம்லெட்டுதான். பல்லி முட்டைன்னு சொல்லித்தான் கையில தருவாரு. பல்லி முட்டையை ஊருல யாரு ஆம்லெட் போட்டுத் திங்கா?'

மாடிகள் எல்லாம் சிரித்தன. களம் சிரிக்கவில்லை. அடையில் கிடக்கும்போது, வயிற்றுச் சூடு ஆறுவதற்குள் பிடித்து, வறுத்துத் தின்ற வெளிறிய காடைகள்தான் ஆண்கள், அடைகாத்த தகப்பன்கள் என்பது அங்கே குந்தியிருந்த தகப்பன்மார்களுக்கு ஒவ்வொருவராக விளங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் எழுந்து வேலியோரம் போய்க் காறித் துப்பினான். பரிவட்டத்தைத் தட்டோடு பூசாரி திரும்ப எடுத்துப் போனார். படல் திறந்தே கிடந்த கூண்டிலிருந்து ஜமீன் இறங்கி, யாரையும் பார்க்காமல், உளுந்துக் காட்டுக்குள் நடந்து போனது.

வீட்டில் கோமதி துணிக்குள் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

'எடுத்துரு தாயி' என்றார்.

அவள் அவிழ்த்தாள். நான்காக மடித்து அவரிடமே கொடுத்தாள். இருவரும் காத்திருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

'தெரியலப்பா' என்றாள். 'உள்ள போயிருச்சு.'

அய்யலுச்சாமி மாவுமில்லுக்குப் போனார். செந்தூர்பாண்டி சாத்திய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அக்காள் மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான்.

'வாங்க அண்ணாச்சி. அரைக்கணுமா?'

'பொங்கலும் அதுவுமா மில்லை ஏண்டே அடைச்சுப் போட்டே?'

'மோட்டார் ஓடினா, அவங்க சத்தம் வந்தாலும் காதுல விழாதுல்லா.'

'அது நின்னு போச்சு' என்றார் அய்யலுச்சாமி. 'நீ வந்து ஒரு வார்த்தை கூப்பிடேன்.'

செந்தூர்பாண்டி சீப்பிலிருந்து முடியை எடுத்தான். 'கூப்பிட்டது அவங்க, அண்ணாச்சி. மூடி வச்சதுனால நின்னிருக்கு. இப்ப நான் வந்து நின்னா, கத்து கத்துன்னு விரட்டுத மாதிரி ஆயிரும். அவங்களுக்கா வரட்டும். கேட்டா நான் வந்துருவேன்.'

அவர் திரும்பி வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். மடித்த துணியை விரித்துத் தன் தலைவழியே போட்டுக்கொண்டார். உள்ளே இருட்டும் எச்ச நாற்றமும் தன் மூச்சே தன் முகத்தில் அடிப்பதுமாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் போகிறவர் வருகிறவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. இதற்குள்தான் பாலை அளந்திருக்கிறாள், தெருவில் நடந்திருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள். களத்திலிருந்து மடியில் கட்டிக் கொண்டுவந்த முட்டை இன்னும் சூடாக இருந்தது. அதைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

தேடி வந்தவர்கள், 'அய்யலு எங்க?' என்று கேட்டார்கள்.

'துணிக்குள்ள இருக்காரு' என்றாள் பேச்சியம்மாள்.

'சரி, வெளிய வந்தா சொல்லு' என்று போனார்கள்.

விடிந்ததும் ஊக்கு குத்திய செருப்பு ஒன்று அவர் முன்னால் வந்து நின்றது. துணியின் ஒரு முனை உயர்ந்தது.

'அப்பா, வெளிச்சம் வந்துட்டு. எந்திரிங்க.'

'எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் தாயி எந்திரிக்க?'

கோமதி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் ஒரு காடை இறகும் மீசையில் தினை உமியுமாக இருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நெஞ்சில் எங்கோ இறுகிக் கிடந்த எதையோ இடித்திருக்க வேண்டும். தூரத்தில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புகிற மாதிரி ஒரு செருமல், பிறகு இன்னொன்று, பிறகு டுர்ர்ர்ர் என்று அது ஏறியது. கொடியில் காய்ந்த சேலை நடுங்கியது, சுவரில் சாத்தியிருந்த பித்தளைத் தாம்பாளம் உருண்டு முற்றத்தில் சுற்றி விழுந்தது, அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் தெரு தெருவாக உறங்கத் தொடங்கின. அது உச்சிக்குப் போய் நின்ற இடைவெளியில், பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து வேகமாக நடந்து வருகிற கால் சத்தம் கேட்டது. செந்தூர்பாண்டி, கையில் சீப்போடும் பின்னாலேயே பாதிச் சடையோடு ஓடிவருகிற அக்காள் மகளோடும் வந்து வாசலில் நின்றான்.

'கேட்டுச்சு மாமா' என்றான்.

பேச்சியம்மாள் அய்யலுச்சாமியின் தோளைத் தொட்டாள். 'வந்தவங்களை எந்திரிச்சு வாங்கன்னு சொல்ல மாட்டீகளா?'

ஜமீன் பக்கத்தில் ஒரு வெளிறிய ஆணும் போனதில்லை, போகிற தூரத்தில் இருந்ததையெல்லாம் அவரே தின்றிருந்தார். அந்த முட்டை பொரிக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அது சூடு ஆறாமல் வயிற்றோடு கிடந்தது.

'சொல்லுதேன், கொஞ்சம் இரு' என்று மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.